பதினொன்றரை அங்குலம்

சென்ற மாதம் ஒரு கோயிலின் கோபுர வாசலில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குனிந்து, நிலைப்படியின் உயரத்தை டேப்பால் அளந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, “வாஸ்து பார்க்கிறீர்களா தம்பி?” என்று கேட்டார். “ஆமாம் அம்மா, வாசல் எனக்குச் சரியாக அமையவில்லை” என்றேன். பதினொன்றரை அங்குலம் இருந்தது.

அளப்பது என் தொழில்நோய். கும்பகோணத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் முப்பத்தோரு வருடம் வரைபடம் போட்டுக் கொடுத்தவன் நான். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் இடது காலை முழுதாகவும் வலது காலைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டு போனது. பன்னிரண்டு வயது வரை தவழ்ந்தேன். அதன்பின் காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரும் ஊன்றுகட்டைகளும். நான்கு வருடங்களுக்கு முன் தோள்பட்டை இரண்டும் போதும் என்று சொல்லிவிட்டன. நாற்பது வருடத்துக்கு மேல் காலின் வேலையைத் தோள் செய்தால் அப்படித்தான் ஆகும் என்றார் மருத்துவர். நாற்காலிக்கு வந்த பிறகு டேப் பையிலேயே தங்கிவிட்டது. நடக்கிறவருக்குப் படி என்பது படி. எனக்கு அது ஓர் எண்.

தவழ்ந்த காலத்தில் கோயில்களை உள்ளங்கையால் பார்த்தேன். மற்றவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். என் முகத்துக்கு நேரே இருந்தது தளம். கும்பேசுவரன் கோயில் திருச்சுற்றில் சித்திரை வெயிலுக்குக் கல் எப்படிச் சுடும், மண்டபத்துக்குள் கையை வைத்ததும் எப்படிக் குளிரும், விளக்கு எண்ணெய் ஊறிய இடம் எப்படி மெழுகாக இருக்கும் என்பதெல்லாம் கைக்குத் தெரியும். பழைய தளக்கல்லை யாரும் மெருகேற்றவில்லை. அம்மி கொத்துவது போல உளியால் பொளிந்து விட்டிருப்பார்கள். அந்தப் பொளிவு கைக்குப் பிடி கொடுக்கும். முழங்காலில் அம்மா சுற்றிவிட்ட சாக்குத்துணி தேய்ந்துபோகுமே தவிர, நான் வழுக்கியதே இல்லை.

சுவாமிமலைக்கும் அப்படித்தான் ஏறினேன். அது கட்டுமலை; அறுபது படிகள், ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆண்டின் பெயர். அப்பா தூக்கிக்கொள்கிறேன் என்றார். நான் பிடிவாதமாகப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி ஒவ்வொரு படியாக எழும்பினேன். அத்தை பக்கத்தில் வந்தபடி பிரபவ, விபவ, சுக்கில என்று எண்ணிக்கொண்டே வந்தார். நான் பிறந்தது பராபவ. வரிசையில் நாற்பதாவது. “உன் படி வந்துவிட்டது, உட்கார்” என்று அவர் சொல்ல, அங்கே இளைப்பாறினோம். பராபவ என்றால் தோல்வி, அவமானம் என்று அகராதி சொல்கிறது. அதை அன்றைக்கு எனக்குச் சொல்லாமல் விட்டது அத்தையின் பெருந்தன்மை.

அந்தப் பராபவ ஒரு சுற்று சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு அறுபது. அந்தப் படியில் இன்னொரு முறை உட்கார ஆசைதான், தோள் ஒத்துழைக்காது. அங்கே லிஃப்ட் வைப்பது பற்றிய பேச்சு எழுந்தபோது நண்பர் ஒருவர் மிகவும் வருத்தப்பட்டார். படியேறுவதுதான் அந்தத் தலத்தின் பொருளே, லிஃப்டில் போனால் அறுபது ஆண்டும் எங்கே போகும் என்றார். பழனிக்கு 1966 இலேயே விஞ்ச் வந்துவிட்டது, 2004 இல் ரோப் காரும் வந்தது, காவடி எடுப்பவர்கள் இன்னும் படியில்தானே ஏறுகிறார்கள் என்று நான் பதில் சொன்னேன். பதில் சரிதான். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி எனக்கு உறைத்தது. லிஃப்ட் என்னைச் சன்னிதிக்குக் கொண்டுபோகும். பராபவவில் இறக்கிவிடாது.

காலிப்பர் காலத்துத் தொல்லை வேறு மாதிரி. அதன் இரும்புக் கம்பிகள் பூட்ஸின் குதிகாலில் உள்ள துளைகளில் செருகி நிற்கும். பூட்ஸைக் கழற்றினால் காலிப்பர் நிற்காது. காலிப்பர் நிற்காவிட்டால் நான் நிற்க மாட்டேன். இதை எத்தனை வாசல்களில் எத்தனை பேரிடம் விளக்கியிருப்பேன்! கடைசியில் கோயிலுக்கென்றே தனியாக ஒரு ஜோடி செய்துகொண்டேன். தோலுக்குப் பதில் கான்வாஸ். தெருவையே பார்க்காத பூட்ஸ். அதை மாற்றிக்கொள்ள வாசலில் கால்மணி நேரம் ஆகும். நாற்காலிக்கு வந்த பிறகு அந்தக் கவலை தீர்ந்தது என்று நினைத்தால், தெருவில் உருண்ட சக்கரம் எப்படி உள்ளே வரலாம் என்று கேட்டார்கள். என் மனைவி அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டாள். வாசலில் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி நான்கு சக்கரத்தையும் கழுவித் துடைத்துவிடுகிறாள். “நீங்கள் எல்லோரும் கால் கழுவிக்கொண்டுதானே போகிறீர்கள்? அவரும் கழுவிக்கொண்டு வருகிறார்” என்று அவள் சொன்னால் யாராலும் மறுத்துப் பேச முடிவதில்லை.

வழுக்கியதே இல்லை என்றேன் அல்லவா? ஆறு வருடங்களுக்கு முன் வழுக்கினேன். பெயர் வேண்டாம், ஒரு கோயிலில் குடமுழுக்குக்கு முன் மகாமண்டபத்தின் பழைய தளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றிய கிரானைட் பதித்திருந்தார்கள். திருப்பணி மிகச் சிறப்பு என்று எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அபிஷேகப் பால் வழிந்திருந்த இடத்தில் கட்டையின் ரப்பர் நுனி சறுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்தது. படம் போட்டுப் பிழைக்கிறவனுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. படுத்தபடி யோசித்தபோதுதான் தெரிந்தது, கோயிலின் பழமையைக் கெடுத்த கல்லும் என் கையை முறித்த கல்லும் ஒரே கல். பழைய தளம் இருந்திருந்தால் கோயிலுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், பழைய தளம் கட்டைக்குத்தான் நண்பன். சக்கரத்துக்கு அவ்வளவு நல்லதில்லை. நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரங்கள் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும், அப்போது முன்னால் கவிழப் பார்க்கும். பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரத்தில் மட்டும் உருட்டத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். என் மகனுக்குத் தெரியும். மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு கோயிலின் அலுவலகத்தில் சாய்தளம் கேட்டுப் போயிருந்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். “ஆயிரம் வருடத்துக் கோயில் சார். பழமை கெட்டுவிடும். அனுமதியும் கிடைக்காது” என்றார் அங்கிருந்தவர். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; 2010 இல் வந்த திருத்தத்தின்படி அவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கப்பால் இருநூறு மீட்டருக்குக் கட்டுப்பாடு. உண்மைதான். ஆனால் அந்தக் கோயில் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இல் வந்தது. பொதுக் கட்டடம் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் சமயக் காரியங்களுக்கான கட்டடமும் சேர்ந்திருக்கிறது. இதையும் சொன்னேன். தலையாட்டினார்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது என் கண் அவருக்குப் பின்னால் இருந்தது. தரிசன வரிசைக்கு எவர்சில்வர் தடுப்புகள் போட்டிருந்தார்கள். வரிசை திரும்பும் இடத்தில் கம்பியின் முனையை நிறுத்த, கருவறைப் பக்கத்து அடித்தளக் கல்லிலேயே ஒரு தகட்டை வைத்து நான்கு போல்ட் அடித்திருந்தார்கள். அந்தக் கல்லில் கல்வெட்டு ஓடுகிறது. ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற தொடக்கம் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த எழுத்து இருந்த இடத்தில் போல்ட்டின் தலை. அது எந்த அரசன் பெயரின் முதலெழுத்தோ! அதன்மேல் ஒயரைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகள் வரிசையாக. தடுப்புகளின் இடைவெளியையும் அளந்தேன். இருபத்திரண்டு அங்குலம். என் நாற்காலியின் அகலம் இருபத்தைந்து. பழமையையும் கெடுத்து, என்னையும் வெளியே நிறுத்த ஒரே கம்பியால் முடிகிறது. அலுவலக மூலையில் ஒரு சக்கர நாற்காலியும் இருந்தது. உபயதாரர் குடும்பத்தின் பெயர் முதுகு முழுவதும். திருடு போய்விடக் கூடாதென்று தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

இதுவரை படித்தவர்கள், இந்த ஆளுக்கு எல்லோரும் கெட்டவர்கள், தான் மட்டும் யோக்கியன் என்று நினைக்கலாம். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் ஊரில் ஒரு சிறிய சிவன் கோயில். கற்றளி. சிறுவனாக விடுமுறைக்குப் போனபோது அதன் அடித்தளத்தின் உருண்ட குமுத வரி என் முகத்துக்கு நேரே இருக்கும். அதில் கல்வெட்டு. எனக்கு எழுத்து புரியாது. விரலை விட்டு நெளிந்து நெளிந்து போவேன். ஒரு நாள் ஊருக்கு வந்த தமிழாசிரியர் ஒருவர் என் விரலுக்குப் பின்னாலேயே வாசித்துக் காட்டினார். நுந்தா விளக்கு ஒன்றுக்குச் சாவா மூவாப் பேராடு தொண்ணூறு. ஆடு சாகாதா, மூப்பு அடையாதா என்று கேட்டேன். கிழடு ஒன்று செத்தால் குட்டி ஒன்று அந்த இடத்துக்கு வந்துவிடும், கணக்கில் எப்போதும் தொண்ணூறு இருக்கும், அதன் நெய்யில் விளக்கு அணையாமல் எரியும் என்று விளக்கினார். அந்தத் தொண்ணூறு ஆடுகளை அன்றிலிருந்து நான் மறக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் கோயிலில் திருப்பணி. மாமா மகன்தான் முன்னின்று செய்தான். நாற்காலிக்கு வந்துவிட்டேன், ஒரு சாய்தளம் இருந்தால் அம்மா பெயரில் ஒரு அர்ச்சனைக்கு வந்துபோவேன் என்று போனில் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான் சொன்னேன். எப்படிப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. வரைபடம் போடுகிறவன், ஒரு தாளில் கிறுக்கிக்கூட அனுப்பவில்லை. குடமுழுக்கு அன்று அவன் வாசலிலேயே காத்திருந்து, “அத்தான், உங்களுக்காகத்தான்!” என்று பெருமையோடு என்னைத் தள்ளிக்கொண்டு போனான். அகலமாக, கைப்பிடியோடு, தெற்குப் பக்கம் முழுவதும் சிமெண்ட் சாய்தளம். பாதி ஏறியபோதுதான் எங்கே இருக்கிறேன் என்று உறைத்தது. குமுத வரியோடு ஒட்டிச் சிமெண்டைக் கொட்டியிருந்தார்கள். ஆடுகள் இருந்தது என் சக்கரத்துக்குக் கீழே.

அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சிமெண்டை எடுக்கலாமா என்று எனக்குத் தெரிந்த ஸ்தபதி ஒருவரைக் கேட்டேன். எடுக்கலாம், ஆனால் உளி வைத்தால் கல்லின் தோலும் சேர்ந்து வரும், எழுத்து அந்தத் தோலில்தானே இருக்கிறது என்றார். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்து இளகியது, கல்லைவிட மென்மையானது, பெயர்த்தால் அது உதிரும், கல் தப்பிக்கும். சிமெண்ட் கல்லோடு மல்லுக்கு நிற்கும், உள்ளே புகுந்த ஈரத்தையும் வெளியே விடாது. ஆகவே சாய்தளம் அங்கேயே இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை அதில் ஏறி அம்மாவுக்காக அர்ச்சனை செய்துவிட்டு வருகிறேன். பழமை கெட்டுவிடும் என்று அன்றைக்கு அலுவலகத்தில் சொன்னவர் சிரித்தாலும் சிரிப்பார்.

அதிலிருந்து நான் சாய்தளம் என்ற வார்த்தையைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். சாய்தளம் என்றால் நம் ஊரில் கொத்தனார் வந்துவிடுகிறார். பலகை என்று கேட்டால் தச்சர் வருவார். தச்சர் போட்டதைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

சாய்தளத்துக்கான விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு பங்கு உயர, பன்னிரண்டு பங்கு நீளம். நம் பழைய அளவையில் இது அழகாக அமைந்துவிடுகிறது: படி எத்தனை அங்குலமோ, பலகை அத்தனை அடி. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடிப் பலகை. பதினொன்றரை அங்குல நிலைப்படிக்குப் பதினொன்றரை அடி. தஞ்சைப் பெரிய கோயிலில் மண்டபத்துக்கு ஏறும் படிக்கட்டு ஆள் உயரத்தைத் தாண்டும். ஆறு அடி என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் எழுபத்திரண்டு அடி. 1010 இல் முடித்த அந்தக் கோயிலின் முன்னால் எழுபத்திரண்டு அடிச் சாய்வு ஒன்றை என் கையால் வரைய மாட்டேன். யாராவது வரைந்து வந்தால் எதிர்த்து மனுப் போடுகிறவர்களில் நானும் ஒருவன்.

அங்கே எனக்குக் கிடைப்பது குறைவில்லை. நாம் கொடுத்ததும், நம் அக்கன் கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றும் கொடுத்தார் கொடுத்ததும் கல்லிலே வெட்டுக என்று இராஜராஜன் சொன்ன கோயில் அது. வெட்டியவை விமானத்தின் அடியைச் சுற்றி ஓடுகின்றன. நாற்காலியில் இருந்தே பார்க்கலாம். 1931 இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த சோழர் ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய உள்நடையில் இருக்கின்றன. மேல்தளத்தில் நடன நிலைகளைக் காட்டும் எண்பத்தோரு கரணச் சிற்பங்கள். அங்கெல்லாம் பொதுமக்களை விடுவதில்லை. மூச்சும் வியர்வையும் ஓவியத்துக்கு ஆகாது. இதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. எல்லோருக்கும் மூடிய கதவு என்னைச் சுடுவதில்லை. ஐந்நூறு பேர் போகிற வாசலில் நான் மட்டும் நிற்கும்போதுதான் சுடுகிறது.

தாராசுரத்துக்குத்தான் அடிக்கடி போவேன். கும்பகோணத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். 2004 இல் யுனெஸ்கோ பட்டியலில் கங்கைகொண்ட சோழபுரத்தோடு சேர்ந்த கோயில். தஞ்சை 1987 இலேயே சேர்ந்துவிட்டது. வாசலில் பலிபீடத்தருகே தட்டினால் சுரம் எழும் படிகள் இருக்கின்றன. தட்டித் தட்டித் தேய்த்துவிடுவார்கள் என்று இரும்புக் கிராதி போட்டுவிட்டார்கள். என்னோடு வருகிறவர்கள் யாரும் ஏற முடியாத படி அது ஒன்றுதான். அதைப் பார்க்கும்போது சிறிது அற்பத் திருப்தி எனக்கு உண்டு.

உள்ளே இராஜகம்பீர மண்டபம் தேர் வடிவில் நிற்கிறது, குதிரையும் கற்சக்கரமுமாக. இரண்டாம் இராஜராஜன் காலத்தது. எங்கள் ஊர் நாகேசுவரன் கோயிலிலும் கல்தேர்; சாரங்கபாணி பெருமாள் கருவறையே தேர். சுற்றியுள்ள நாலு கிலோமீட்டரில் மூன்று இடங்களில் சுவாமிக்குச் சக்கரம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கற்சக்கரத்தின் பக்கத்தில் என் சக்கரத்தை நிறுத்தி மகன் படம் எடுத்தான். உறவினர் குழுவில் அதைப் போட்டான். “இரண்டும் நகரவில்லை” என்று என் தங்கை எழுதியிருந்தாள்.

விமானத்தின் அடியைச் சுற்றி நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சாண் உயரம் இருக்கலாம். நிற்பவர்கள் இடுப்பை வளைத்து, செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறார்கள். முதுகு வலித்து நாலைந்தோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது நேர்க்கண் உயரம். நான் முழு வரிசையையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு போவேன். ஒரு முறை ஒரு பள்ளிக்கூடப் பெண், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, “மாமா, இது யார்?” என்று கேட்டுக்கொண்டே கடைசிவரை கூடவே வந்தாள்.

அந்த வரிசையில் தண்டியடிகளும் உண்டு. திருவாரூர்க்காரர். பிறவியிலேயே கண் இல்லாதவர். கோயில் குளம் தூர்ந்து குறுகிக்கொண்டிருப்பதைக் கேட்டு, அதைத் தானே அகலப்படுத்தப் புறப்பட்டார். குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணை வெட்டிக் கூடையில் கொண்டுபோய்க் கொட்டினார். பிடிக்காதவர்கள் கம்பைப் பிடுங்கிப் போட்டார்கள். கடைசியில் இறைவன் கண் கொடுத்தான் என்று எல்லோரும் அந்த முடிவைத்தான் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது கயிறு. அவரே யோசித்துக் கட்டிக்கொண்ட கயிறு. வேலை முடிந்தால் அவிழ்த்துவிடலாம், குளத்துக்கு ஒரு கீறலும் இருக்காது.

இனி அந்தப் பதினொன்றரை அங்குலம்.

பூக்கார அம்மாள் என்னை வாஸ்து பார்ப்பவனாக நினைத்த அன்று பிரதோஷம். சின்னக் கோயில், சுவாமியைத் தோளில் சுமக்க அங்கே போதிய ஆள் இல்லை. அதனால் ரிஷப வாகனத்தைச் சக்கரம் வைத்த ஒரு சிறிய சகடையில் ஏற்றி வெளிச்சுற்று வருகிறார்கள். நான் வாசலுக்கு வெளியே வழக்கமான என் இடத்தில் இருந்தேன். மேளம் நெருங்கியது. கோயிலைக் காவல் காக்கும் மெய்க்காவலரும் இரண்டு பையன்களும் வாகன மண்டபத்திலிருந்து பலகைகளைத் தூக்கி வந்தார்கள். நல்ல கனமான வேப்பம் பலகைகள். நிலைப்படியின் இரு பக்கமும் சாய்த்துப் போட, பக்கத்துக்கு ஒரு ஜோடி என்று மொத்தம் நான்கு வந்தன. படியின்மேல் உட்காரும் முனையில் சாக்கைச் சுருட்டிக் கட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். “கல் தேய்ந்துவிடும் அல்லவா சார்? தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்” என்றார் மெய்க்காவலர்.

சகடை கடகடவென்று ஏறி இறங்கியது. ஓதுவார் பின்னால் பாடிக்கொண்டு வந்தார். வெளியே ஒரு சுற்று வந்து மறுபடி அதே பலகைகளில் ஏறி உள்ளே போனது. பையன்கள் பலகையைத் தூக்கக் குனிந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மெய்க்காவலர் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அவர் மூளைக்குள் கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது.

“இருங்கடா” என்று பையன்களை நிறுத்திவிட்டு, “சார், வருகிறீர்களா?” என்றார்.

சகடையின் சக்கரங்களுக்கு இடையே மூன்றடி. என் சக்கரங்களுக்கு இரண்டடிக்கும் குறைவு. பலகைகளைக் காலால் நெருக்கித் தள்ளினார். நான் டேப்பை எடுத்து இடைவெளியைச் சொன்னேன். அவர் இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தினார். பலகை எட்டடி. விதிப்படி இருக்க வேண்டியதற்கு மூன்றரை அடி குறைவு. ஒன்றுக்கு எட்டு என்பது செங்குத்துதான். ஒரு பையன் முன்னால் பிடிக்க, மெய்க்காவலர் பின்னால் தள்ள, மனைவி “மெதுவாக, மெதுவாக” என்று சொல்லிக்கொண்டே கூட வர, நிலைப்படியின் உச்சியில் ஒரு கணம் நாற்காலி தயங்கியது. சாக்கு நசுங்கும் ஓசை கேட்டது. பிறகு இறங்கிவிட்டேன். குருக்கள் தீபாராதனையை நிறுத்தி வைத்திருந்தார். “நிதானமாக வாருங்கள், சுவாமி எங்கும் போய்விடவில்லை” என்றார்.

தளம் பொளிந்த பழைய கல். சக்கரம் அதில் தடதடத்தது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு முதல் முறையாக நாற்காலியின் ஓரமாகச் சாய்ந்து கையைக் கீழே விட்டுத் தளத்தைத் தொட்டுப் பார்த்தேன். மனைவி எதையோ தவற விட்டுவிட்டேன் என்று நினைத்து அவளும் குனிந்து தேடினாள்.

கிளம்பும்போது வாசலில் பலகை இல்லை. எடுத்து வைத்துவிட்டிருந்தார்கள். மெய்க்காவலர் என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் வாகன மண்டபத்துக்கு நடந்தார். திரும்பி வந்து பலகைகளைப் போட்டபோது, இடைவெளியை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.